மனசு வராத நாட்களில் என்ன செய்தீர்கள்?

நூலகவாசி:
குரூப் 4 தேர்வுக்கு இரண்டாவது தடவை படித்துக்கொண்டிருந்த சமயம். முதல் தடவை தமிழ்ப் பகுதியில் தப்பித்துவிட்டேன் (அதில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள்). மொத்த மதிப்பெண்தான் கட்-ஆஃப் பக்கம்கூடப் போகவில்லை. பகலில் ஒரு கடையில் பில் போடும் வேலை. ராத்திரி வந்து சமச்சீர் புத்தகத்தை விரித்தால், ஆறாம் வகுப்பு வரலாற்றின் முதல் பாடமே பத்தாவது முறையாக ஓடும். டைம்டேபிள் போடுவதில் மட்டும் எனக்குச் சலிப்பே வந்ததில்லை. நாலு கலர் ஸ்கெட்ச் வைத்துப் போடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு நண்பன் இழுத்துப்போனான். அங்கே சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடம் உண்டு. எதிர் நாற்காலியில் செக்யூரிட்டி சட்டை போட்ட ஒருவர், காலடியில் சாப்பாட்டுப் பை. இரவு டியூட்டி முடித்து நேராக வந்திருக்கிறார். “தூக்கம் வராதா அண்ணே?” என்று கேட்டேன். “வரும் தம்பி. இங்க வந்து வரட்டும்னு விட்ருவேன். பத்து நிமிஷம் தலைய சாய்ச்சா போயிரும். வீட்டுக்குப் போயிட்டா திரும்பக் கிளம்ப முடியாது, பாத்துக்க.”

மறுநாளிலிருந்து நானும் வேலை விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கிளை நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். படிக்கிற ஆசை ஒன்றும் கூடிவிடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தபின் சும்மா இருக்க வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். உங்களுக்கெல்லாம் எப்படி?

ஊசிநூல்:
நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். தீபாவளிக்கு முன்னால் துணி மலையாகக் குவிந்துவிடும். அதைப் பார்த்தாலே மிஷின் பக்கம் போகத் தோன்றாது. பாத்திரம் தேய்ப்பேன், பரண் துடைப்பேன். என் வீடு பளபளவென்று இருந்தால் ஆர்டர் தேங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த அக்கா ஒருநாள் வந்தவர், நான் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, “ராத்திரி எதுல நிறுத்துற?” என்று கேட்டார். “ஒரு பிளவுஸ் முழுசா முடிச்சிட்டுத்தான் எழுந்திருப்பேன்க்கா.” “அதான் தப்பு. ஒரு கையை ஏத்திட்டு இன்னொரு கையை விட்டுட்டுப் படு.”

கேட்கச் சிரிப்பாக இருந்தது. செய்து பார்த்தேன். பாபினில் நூல் சுற்றி, அடுத்த கையைப் பின் குத்தி ஊசிக்கடியில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பால் வாங்கப் போகும்போது ஒற்றைக் கையோடு அந்தப் பிளவுஸ் கண்ணில் பட்டது. எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள்! காபி வைப்பதற்குள் இரண்டாவது கை ஏறிவிட்டது. உட்கார்ந்த சூட்டில் அடுத்த பிளவுஸுக்கு லைனிங்கும் வெட்டிவிட்டேன். புதுத் துணியை எடுத்து அளவு போட்டு முதல் கத்தரி வைப்பதுதான் எனக்கு மலை. நடுவிலிருந்து தொடர்வது சுலபம்.

தக்காளி:
25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. பொமோடோரோ முறை. 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து ஆரம்பித்தது. இத்தாலிய மொழியில் பொமோடோரோ என்றால் தக்காளி. நான் போனில் டைமர் வைத்தேன். மணி அடித்தது, நிறுத்தப் போனை எடுத்தேன், முக்கால் மணி நேரம் ரீல்ஸ். இப்போது சாவி கொடுக்கிற டைமர் ஒன்று வாங்கியிருக்கிறேன். தக்காளி கிடைக்கவில்லை, கோழி வடிவம்.

வெள்ளெருக்கு:
எல்லாரும் உத்தி சொல்கிறீர்கள். என் கதை வேறு. இரண்டு வருடம் என்னை நானே சோம்பேறி என்று திட்டிக்கொண்டேன். ஆபீஸ் முடிந்து வந்தால் படுக்கைதான். ஊக்கப் பேச்சு வீடியோ பார்த்து ஐந்து மணிக்கு அலாரம் வைத்து, எழ முடியாமல் அழுதும் இருக்கிறேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அரிசி களையும்போது ஒரு பிடி பச்சரிசி வாயில் போட்டு மெல்லாமல் இருக்க முடியாது.

இதை வேறு எதற்கோ போனபோது பேச்சுவாக்கில் ஒரு டாக்டரிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “அரிசி திங்கிறீங்களா? எத்தனை நாளா?” என்றார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.6. பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, அதோடு காபி, டீ கூடாது என்றார். எலுமிச்சை ஜூஸோடு குடிக்கச் சொன்னார். சில மாதம் கழித்து ஒருநாள், மாடி ஏறி வந்து நின்றபிறகுதான் நான் மூச்சு வாங்கவில்லை என்பதே உறைத்தது. அரிசி ஆசையும் எப்போது போனதென்று தெரியவில்லை. அந்த ஐந்து மணி அலாரக்காரர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

நூலகவாசி:
வெள்ளெருக்கு அக்கா, உங்கள் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “நானும்தான் அரிசி திங்கிறேன்” என்கிறார். சனிக்கிழமை கூட்டிப்போகிறேன்.

ஊசிநூல்:
கூட்டிப்போங்க தம்பி, தள்ளிப்போடாதீங்க. நான் அப்புறம் வருகிறேன், மிஷினில் ஒரு கை பாக்கி இருக்கிறது.