தீரப்போகும் பேட்டரியில்தான் என் ஃபஸ் பெடல் நன்றாக ஒலிக்கிறது, ஏன்?

கோபிக்காரன்:
வணக்கங்க. கோபியில் ஒரு பாட்டுக் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். ஏசி128 ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் ஒரு ஜோடி கிடைத்தது, கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலுக்கான ஃபஸ் ஃபேஸ் சர்க்யூட்டை நானே சாலிடர் செய்தேன். பேட்டரி வாங்கி வைக்கவில்லை. மல்டிமீட்டருக்குள் கிடந்த பழைய 9 வோல்ட் கார்பன் பேட்டரியைக் கழற்றிப் போட்டு வாசித்துப் பார்த்தேன். சீவாளி நன்றாக ஊறிய நாயனம் போல அவ்வளவு கனிந்த சத்தம். கிட்டாரில் வால்யூமைக் கொஞ்சம் இறக்கினால் கரகரப்பு அடங்கித் தெளிவாகவும் வருகிறது.

மறுநாள் புது ஆல்கலைன் பேட்டரி போட்டேன். காய்ந்த சீவாளிதான். மேல் ஸ்வரங்கள் குத்துகின்றன, ஒரு ஸ்வரத்தை நிறுத்திப் பிடித்தால் கடைசியில் பிசிறிப்போய் அறுகிறது. எதிரொலி தரும் டிலே பெடலுக்குப் போகும் அடாப்டரிலிருந்தே ஒரு வயர் இழுத்துக் கொடுத்தால் சத்தமே இல்லை, அடாப்டர்தான் சூடாகிறது. அடுத்த வாரம் மாரியம்மன் நோம்பிக்குக் கச்சேரி இருக்கிறது. இது என் காதின் பிரமையா, நிஜமாகவே பேட்டரியால் சத்தம் மாறுமா?

சிங்காநல்லூர் சாலிடர்:
பிரமை இல்லை தம்பி. முதலில் அந்த அடாப்டரைக் கழற்றுங்க. ஏசி128 என்பது பிஎன்பி, அதாவது மைனஸ் வோல்டேஜில் ஓடும் வகை. உங்கள் பெடலில் பேட்டரியின் பிளஸ்தான் கிரவுண்டு, டிலேயில் மைனஸ் கிரவுண்டு. இரண்டையும் ஒரே அடாப்டரில் மாட்டினால், நடுவில் போகும் கிட்டார் வயரின் ஷீல்டு வழியாகப் பிளஸ்ஸும் மைனஸும் சேர்ந்து ஷார்ட் ஆகிவிடும்.

அப்புறம், பெடல் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு பேட்டரியிலும் வோல்ட் பாருங்க. இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரிலும் (சிக்னல் வெளியே வரும் கால்) பாருங்க. மீட்டருக்குள் புது பேட்டரி இருக்கட்டும். மீட்டரின் பேட்டரி இறங்கியிருந்தால் அது காட்டும் கணக்கே தப்பாக இருக்கும்.

கோபிக்காரன்:
பார்த்துவிட்டேன் அண்ணா. பழைய பேட்டரி தனியாக 7.6, பெடலில் மாட்டினால் 7.3. அப்போது கலெக்டரில் 3.5. புதுசு 9.5, கலெக்டரில் 5.6.

சிங்காநல்லூர் சாலிடர்:
விடை இதிலேயே இருக்கிறது. கலெக்டர் வோல்டேஜ், பேட்டரி வோல்டேஜில் ஏறக்குறைய பாதியில் நிற்க வேண்டும். அப்போதுதான் அலை மேலும் கீழும் ஒரே அளவு ஆட இடம் இருக்கும். 7.3இல் பாதி 3.65, உங்களுக்கு 3.5 வருகிறது. தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டது. 9.5இல் பாதி 4.75, உங்களுக்கோ 5.6. ஒரு பக்கம் இடம் குறைந்து அலை முன்கூட்டியே வெட்டுப்படுகிறது. பிசிறுவது அதனால்தான்.

ஏன் இப்படி நகர்கிறது என்றால், இந்தச் சர்க்யூட்டில் இரண்டாவது டிரான்சிஸ்டரின் கரண்ட் பெரிதாக மாறாது. 9.5இல் 5.6 போனால் 3.9, 7.3இல் 3.5 போனால் 3.8. மேலே இருக்கும் ரெசிஸ்டர்கள் இரண்டு தடவையும் ஒரே அளவைத்தான் எடுத்துக்கொள்கின்றன. பேட்டரியில் குறைவது முழுக்க கலெக்டர் தலையில் விழுகிறது.

கார்பன் பேட்டரியின் உள் ரெசிஸ்டன்ஸ்தான் மாயம் செய்கிறது என்று பலர் சொல்வார்கள். ஃபஸ் இழுப்பது ஒரு மில்லியாம்ப்கூட இல்லை. உங்கள் பேட்டரி அவ்வளவு தேய்ந்தும் 0.3 வோல்ட்தான் இறங்கியிருக்கிறது. வோல்டேஜ்தான் பெரிய காரணம் என்பது என் கருத்து.

தீர்ந்த பேட்டரியைத் தேடி அலைய வேண்டாம். புது பேட்டரியின் வயரில் வரிசையாக 5 கிலோ ஓம்ஸ் ப்ரீசெட் (திருப்பி அளவு மாற்றும் ரெசிஸ்டர்) ஒன்று வையுங்க. பெடலுக்குப் போகும் வோல்ட் 7.3க்கு வரும்வரை திருப்புங்க. ஏறக்குறைய மூன்றரை கிலோவில் வந்துவிடும்.

பெருந்துறை பேஸ்:
குறுக்கே பேசுகிறேன், மன்னிக்கவும். வீட்டில் பகலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்துத்தானே சோதித்தீர்கள்? ஜெர்மானியம் சூட்டுக்கு இளகும். சுமார் 10 டிகிரி ஏறினால் லீக்கேஜ் கரண்ட் (டிரான்சிஸ்டரில் தானாகக் கசியும் கரண்ட்) இரட்டிப்பாகும், கலெக்டர் வோல்டேஜும் இடம் மாறும். கச்சேரி ராத்திரி என்றால் ராத்திரியில் மேடைக்குப் பக்கத்தில் வைத்து ப்ரீசெட்டைத் திருப்புங்க. சித்திரை வெயிலில் சரிசெய்து கொண்டுபோய் இரவு நோம்பியில் நான் தவித்திருக்கிறேன்.

பொள்ளாச்சி டோன்:
இதைப் படித்துவிட்டு யாரும் எல்லாப் பெடலுக்கும் பழைய பேட்டரி போட வேண்டாம். டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் பெடலில் (இதுவும் கரகரப்பு தருவதுதான்) சத்த அலையை வெட்டுவது டயோடு. அது சுமார் 0.6 வோல்ட்டிலேயே வெட்டிவிடும். பேட்டரி 9 ஆனாலும் 8 ஆனாலும் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. டிஜிட்டல் டிலேயில் உள்ளே வோல்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் இருக்கிறது. அது தாங்கும்வரை சத்தம் மாறாது, தாங்காதபோது சட்டென்று நின்றுவிடும். இழுவையும் அதிகம், பேட்டரி சில மணி நேரம் வந்தால் பெரிது. அதற்கு அடாப்டரே சரி. யூஎஸ்பியில் சார்ஜ் ஏற்றும் 9 வோல்ட் பேட்டரியையும் ஃபஸ்ஸில் மாட்டாதீங்க. சிலவற்றின் உள்ளே வோல்டேஜை உயர்த்தும் சர்க்யூட் இருக்கும், அதன் கீச்சொலி ஆம்ப்பில் கேட்கும்.

கோபிக்காரன்:
ப்ரீசெட் வைத்தாயிற்று! நேற்று இரவு எட்டரைக்குக் கோயில் திடலில் ஆம்ப் போட்டுப் பார்த்தோம். 7.3இல் அதே கனிவு வந்தது. இன்னும் இறக்கி 6க்குக் கொண்டுபோனால் ஸ்வரம் பாதியிலேயே அறுந்து விழுகிறது, அதனால் 7.2இல் நிறுத்திவிட்டேன். தவில்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, இப்போதான் நாயனத்தோடு சேருகிறது என்றார். ஒரு சந்தேகம் மட்டும் அண்ணா, ராத்திரி பெடலை ஆஃப் செய்துதான் வைத்தேன், ஆனாலும் கிட்டார் வயர் மாட்டியே இருந்தது. பேட்டரி தீருமா?

சிங்காநல்லூர் சாலிடர்:
தீரும். கால் ஸ்விட்ச் கிட்டார் சிக்னலை மட்டும்தான் மாற்றிவிடுகிறது. இன்புட் ஜாக்கில் கிட்டார் வயரின் முனை நுழைந்தாலே பேட்டரி இணைந்துவிடும். இன்புட் வயரைப் பிடுங்கி வையுங்க. நோம்பிக்கு முந்தின நாள் ஒருமுறை வோல்ட் பார்த்துவிட்டு, இன்னொரு புது பேட்டரியைப் பையில் போட்டுக்கொள்ளுங்க.