போலந்தைக் காப்பாற்றியது அதிர்ச்சி வைத்தியமா?

கணக்குப்பிள்ளை:
கம்யூனிசப் பொருளாதாரத்தைப் படிப்படியாக இல்லாமல் ஒரேயடியாகச் சந்தைக்கு மாற்றுவதுதான் அதிர்ச்சி வைத்தியம். 1990 ஜனவரி 1 அன்று போலந்து நிதியமைச்சர் பால்செரோவிச் பெரும்பாலான விலைகளை ஒரே அடியாகச் சந்தையிடம் விட்டார். மானியங்களை வெட்டி, போலந்து நாணயத்தின் மதிப்பை ஒரு டாலருக்கு 9,500 ஸ்லாட்டி என்று கட்டிவைத்தார். அந்த மாதம் விலைவாசி ஏறத்தாழ 80% எகிறியது. மார்ச்சில் மாத ஏற்றம் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது, காலிக் கடைகளில் சரக்கும் வந்தது. இழுத்தடித்திருந்தால் இது நடந்திருக்காது.

ஆற்றங்கரை:
சரக்கு வந்தது சரி, வாங்கக் காசு? வேலையின்மை 1993 முடிவில் 16% அளவுக்குப் போனது. அரசுப் பண்ணைகளை நம்பியிருந்த ஊர்களை நினைத்துப் பாருங்கள். வீடு, மழலையர் பள்ளி எல்லாமே பண்ணையோடுதான். பண்ணை கலைந்ததும் ஊரே நின்றுபோனது. அந்தக் கோபத்தில்தான் 1993 தேர்தலில் முன்னாள் கம்யூனிஸ்டுகள் ஜெயித்தார்கள்.

கணக்குப்பிள்ளை:
ஆனால் 1992-லேயே வளர்ச்சி திரும்பியதே! தயங்கிய உக்ரைனில் 1993-ல் பணவீக்கம் 10,000%-ஐத் தாண்டியது. அங்கே வளர்ச்சி வர 2000 ஆனது.

ஆற்றங்கரை:
உக்ரைன் நஷ்ட ஆலைகளுக்குப் பணம் அச்சடித்துக் கடன் கொடுத்ததை நிதானம் என்று சொல்லாதீர்கள். நிதானத்துக்கு ஸ்லோவேனியாவைப் பாருங்கள். 1991-ல் சொந்த நாணயம், படிப்படியாக இறங்கிய பணவீக்கம். முன்னாள் கம்யூனிச நாடுகளில் முதலில் யூரோவுக்கு மாறியதும் அதுதான், 2007-ல்.

ரயிலடி:
இடையில் ஒன்று சொல்கிறேன். விலையை அவிழ்த்துவிட்ட அதே அரசு சம்பளத்தை அவிழ்க்கவில்லை. வரம்புக்கு மேல் சம்பளம் ஏற்றிய நிறுவனத்துக்கு 'பொபிவெக்' என்று ஒரு தண்டவரி, மீறிய தொகைக்கு 500% வரை. பணவீக்கம் அடங்கியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அதாவது பாரத்தைத் தூக்கியது தொழிலாளி. அப்புறம், 1991-ல் பாரிஸ் கிளப் நாடுகள், அதாவது கடன் கொடுத்த அரசுகளின் குழு, தங்களுக்கு வரவேண்டிய போலந்தின் கடனில் பாதியைக் குறைக்க ஒப்புக்கொண்டன. பெரிய ஆலைகளை விற்பதிலும் போலந்து ரஷ்யா போல அவசரப்படவில்லை. இதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த வெற்றி.

கணக்குப்பிள்ளை:
கடன் குறைப்பை ஏற்கிறேன். ஆனால் ஸ்லோவேனியா யூகோஸ்லாவியாவின் பணக்காரக் குடியரசு. போலந்தோ சுமார் 4,000 கோடி டாலர் வெளிக்கடனோடு தொடங்கியது, காத்திருக்க அதற்கு நேரம் இல்லை. பண்ணை ஊர்களைப் பற்றி மட்டும் என்னிடம் பதில் இல்லை, ஆற்றங்கரை. விலைகளில் காட்டிய வேகத்தில் பாதியையாவது அவர்களுக்கு வேறு பிழைப்பு தேடிக் கொடுப்பதில் காட்டியிருக்க வேண்டும்.