மறு: ‘இலவசச் செயலி’க்கு மாற்றுச் சொல்

ஐயா, வணக்கம்.

> காசு வாங்காமல் தகவலை எடுத்துக்கொள்ளும் செயலியை ‘அடகுச் செயலி’ எனலாம்.

அடகு ஒட்டவில்லை ஐயா. அடகு வைத்த நகையை மீட்கலாம். கைவிட்டுப் போன தொடர்பு எண்களை எப்படி மீட்பது? ‘உளவு மென்பொருள்’ என்றும் சொல்ல முடியாது, அது சொல்லாமல் நுழைவது. இது அனுமதி கேட்டு எடுப்பது. ‘கட்டற்ற மென்பொருள்’ என்பதும் பொருந்தாது. 1983-ல் அமெரிக்க நிரலாளர் ஸ்டால்மன் அறிவித்த குனு என்ற மென்பொருள் திட்டத்தின் வழியில் வந்த அந்தச் சொல் விலையைப் பற்றியதே அல்ல, பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் நமக்குள்ள உரிமையைப் பற்றியது.

எனக்கு உறுத்துவது ‘இலவசம்’தான். கோத்தகிரியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். போன ஐப்பசி மழையில் கரண்ட் போய்க் கிடந்தபோது, தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து, இலை பறிக்கும் அம்மா ஒருவர் வந்தார். பேரன் ஏற்றிக் கொடுத்த டார்ச் செயலி திறக்கவில்லை. திரையில் இருப்பிடம், தொடர்புகள் என்று வரிசையாக அனுமதி கேட்டு நின்றது. இலைக்கறை ஏறிய கட்டைவிரலால் ஒவ்வொன்றையும் அழுத்தி அழுத்திப் பார்த்தார். விரல் பதியவே இல்லை. “இதுக்குக் காசு பிடிப்பாங்களா தம்பி?” என்றார். “இல்லைம்மா, இலவசம்” என்று சொல்லிவிட்டேன். அப்புறம் போனிலேயே டார்ச் இருப்பதைக் காட்டி, செயலியை நீக்கிக் கொடுத்தேன். ஆனாலும் நான் சொன்ன பதில் தவறு. வெளிச்சத்துக்கு முகவரிப் புத்தகமும் இருக்கிற இடமும் எதற்கு? 2013-ல் அமெரிக்காவில் ஒரு டார்ச் செயலி, பயனர் சம்மதிக்கும் முன்பே இருப்பிடத்தை வெளியாருக்கு அனுப்பியதாக அரசு ஆணையமே குற்றம் சாட்டியது.

முதலில் ‘தரவுவிலை’ என்று எழுதிப் பார்த்தேன். தருதலிலிருந்து வந்த சொல், கலிப்பா என்ற பாவகையின் முதல் உறுப்புக்கும் அதுவே பெயர். அழகுதான். ஆனால் மனமறிந்து தருவதைத்தானே தரவு என்கிறோம்? இங்கே அந்த அம்மா எதையும் தரவில்லை, பொத்தானை அழுத்தினார், அவ்வளவுதான். 2023-ல் நம் நாட்டில் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி எழுதும்போது தரவு சரி. கடை மேசையில் அது எடுபடாது.

மறுபடி யாராவது “காசு பிடிப்பாங்களா?” என்று கேட்டால், “காசு இல்லைம்மா, உங்க தகவல்தான் விலை” என்பேன். இது யாருக்கும் புரியும். இதையே சுருக்கி ‘தகவல்விலைச் செயலி’ என்று முன்வைக்கிறேன். நடுவில் ச் மிகும் என்றே நினைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள் ஐயா.