படிவம் 5 கடைசி நாள்: இன்னும் உறுத்துகிற ஒன்று இருந்தால் எழுதுங்கள்

மினிபஸ் பயணி

1996, கோலாலம்பூரின் செந்தூல். எஸ்.பி.எம். (மலேசியாவில் படிவம் 5 முடிவில் எழுதும் தேர்வு) தொடங்க இரண்டு வாரம் இருந்தது. கடைசி வகுப்பு நாளில் சட்டையில் கையெழுத்து வாங்கும் கூத்து எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விவரிக்கப் போவதில்லை. ஓய்வு மணி அடித்துக் கால்மணி நேரத்தில் ஒரு சட்டைகூட வெள்ளையாக இல்லை. நான் மட்டும் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

என்னிடம் இருந்தவை இரண்டே சட்டைகள். இரண்டும் அடுத்த ஆண்டு தம்பிக்குப் போக வேண்டியவை. அவன் அதே பள்ளியில் படிவம் 3 ஏறுகிறான். அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிற வேலை அம்மாவுக்கு. "சட்டையைச் சட்டையாகக் கொண்டு வா" என்று காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். இதை யாரிடமும் சொல்ல வெட்கம். "எனக்கு இதெல்லாம் பிடிக்காது" என்று பெரிய மனிதனைப்போல் பேசிக்கொண்டிருந்தேன்.

படிவம் 1-க்கு முந்திய புகுமுக வகுப்பிலிருந்து ஆறு வருடம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவன் ஒருவன் இருந்தான். இளஞ்சிவப்பு மினிபஸ்ஸின் படியில் தினமும் ஒன்றாகத் தொங்கிக்கொண்டு போவோம். என்னிடம் 60 காசு இல்லாத நாளில் அவன் கொடுப்பான். அன்றைக்கு நான் தண்ணீர் குடிக்கக் குனிந்தபோது பின்னால் வந்தான். மார்க்கரின் ஈர நுனி தோளிலிருந்து தோள்வரை ஊர்ந்தது. அந்தக் குளிர்ச்சி இப்போதும் முதுகில் இருக்கிறது. திரும்பி, யோசிக்காமல், கன்னத்தில் அறைந்துவிட்டேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. மார்க்கரை மூடினான். மூடி "டக்" என்று விழுந்த சத்தம் கேட்டது. தேர்வு மண்டபத்தில் எனக்கு இரண்டு மேசை தள்ளித்தான் அவன் இடம். கடைசித் தாள் வரைக்கும் இருவரும் பேசவில்லை. அதன் பிறகு அவனைப் பார்க்கவே இல்லை.

அம்மா அந்தச் சட்டையைக் குளோராக்ஸ் வெளுப்பானில் இரண்டு நாள் ஊறவைத்துத் தேய்த்தார். எழுத்து மங்கியது, போகவில்லை.


டோபிக் கடைக்காரர்

தம்பி, உங்கள் அம்மா செய்தது தவறு. குற்றம் சொல்வதாக நினைக்க வேண்டாம், முப்பது வருடமாகச் சலவைத் தொழில் செய்கிறேன். பள்ளிச் சட்டை பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்த துணி. அதில் குளோரின் பட்டால் துணிதான் மஞ்சளாகலாம், மார்க்கர் மை முழுக்கப் போகாது. அந்த மை தண்ணீரில் கரையாத மை. அதற்கு ஸ்பிரிட்தான் மருந்து. மருந்துக்கடையில் காயம் துடைக்க விற்கிறார்களே, அதுவே போதும். முதலில் சட்டையின் உள்தையலில் ஒரு சொட்டு விட்டு, சாயம் போகிறதா என்று பாருங்கள். பிறகு கறைக்கு அடியில் சமையலறைத் தாளை நாலாக மடித்து வையுங்கள். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் பரவும். அடியில் இருக்கும் தாள் மையைக் குடித்துக்கொள்ளும், அதை அடிக்கடி மாற்ற வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், கறை முழுக்கப் போகும்வரை இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டு போகாதீர்கள். சூடு பட்டால் கறை துணியோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும். ஸ்பிரிட் தீப்பிடிக்கும் சாமான், அடுப்படியில் வைத்துச் செய்யாதீர்கள்.

எங்கள் காலத்தில் சட்டை இல்லை, ஆட்டோகிராப் புத்தகம். என்னுடையது பட்டர்வொர்த் பஸ் நிலையத்தில் மழையில் நனைந்துவிட்டது. பவுண்டன் பேனா மை, ஒரு பெயர்கூட மிஞ்சவில்லை.


பாலத்துக்கு முன்பு

டோபி ஐயா, அந்தச் சட்டை இருபத்தைந்து வருடத்துக்கு முன்பே கரித்துணி ஆகியிருக்கும். யாருக்காக இந்த வைத்தியம்?

என்னுடையது 1987. பினாங்குத் தீவுக்குப் பாலம் திறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, ஆனால் இக்கரையில் பட்டர்வொர்த் பக்கத்துப் பிள்ளைகள் நாங்கள் படகில்தான் தீவுப் பள்ளிக்குப் போய்வந்தோம். அந்தக் காலத்தில் தீவுக்குப் போகத்தான் காசு, திரும்பி வர இல்லை. எஸ்.பி.எம். கடைசித் தாள் முடிந்த மத்தியானம் நானும் என் தோழியும் வழக்கம்போல் ஏறி இக்கரை வந்து இறங்கினோம். வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. "இன்னொரு தரம் போய் வரலாமா?" என்று அவள்தான் கேட்டாள். சட்டைப்பையில் இருந்த சில்லறையை எண்ணி இரண்டு பேருக்கும் அவளே கட்டினாள்.

கூடுதல் கணிதத்தில் வகுப்பிலேயே அவள்தான் முதல். ஆறாம் படிவத்தில் ஒரே மேசை என்று நான் முடிவே கட்டியிருந்தேன். நடுக்கடலில், கம்பியைப் பிடித்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "திங்கள்கிழமையிலிருந்து எனக்குப் படகு வேண்டாம்" என்றாள். "பேக்டரி பஸ் பாலத்து வழியாகப் போகும். ஐந்தரைக்கு வாசலுக்கே வந்துவிடும்." தீவின் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை. நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு சில்லுக்குக் கம்பி ஒட்டும் வேலை. அவள் அப்போதே தடித்த கண்ணாடி போட்டிருந்தாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதோ பார், ஜெல்லி மீன், எவ்வளவு பெரியது!"

ஜெல்லி மீன் உண்மையாகவே இருந்தது. அவளும் எட்டிப் பார்த்தாள். "ஆமாம், பெரியதுதான்" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. முடிவு வந்த அன்றைக்கு அவள் பெயருக்கு நேரே முதல் கிரேடு. தாளை வாங்க அவள் வரவில்லை, அவளுடைய அண்ணன் வந்து வாங்கிக்கொண்டு போனார்.


கட்டொழுங்கு வாத்தியார்

மினிபஸ் பயணி, அறைந்ததைச் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்களைப்போல் சுவரோடு ஒட்டி நிற்கிற ஒருவன் ஒவ்வொரு வருடமும் இருக்கிறான். அதனால்தான் கடைசி நாளன்று வாசலில் நின்று பைகளைச் சோதித்து மார்க்கரைப் பிடுங்கினேன். பிள்ளைகள் என்னைச் சபித்திருப்பார்கள், சபிக்கட்டும். மார்க்கர் போதாதென்று மாவும் முட்டையும் கொண்டு வருவார்கள். முட்டை ஒருமுறை என் புத்தகப் பைக்குள்ளேயே உடைந்தது, அது வேறு கதை.

பிடுங்கியவற்றைப் பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு வைப்பேன். ஒருநாள் பள்ளி விடுகைச் சான்றிதழின் நகல் வாங்க ஒரு பையன் வந்தான். அவன் படித்து முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சான்றிதழை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றான். "சார், என் மார்க்கர்?" என்று கேட்டான். கிண்டல் செய்கிறானோ என்று பார்த்தேன். இல்லை. டின்னைத் திறந்து மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் கோடு போட்டுப் பார்த்தான். எல்லாம் காய்ந்து போயிருந்தன. கடைசியில் ஒரு நீல மார்க்கரை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "இதுவாகத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு யாருடைய கையெழுத்துக்காக அதைக் கொண்டு வந்தானோ, நான் கேட்கவில்லை.


கடைசி வரிசை

வாத்தியார் ஐயா, ஒருவன் ஒட்டி நிற்கிறான் என்பதற்காக நூறு பேரின் மகிழ்ச்சியைப் பிடுங்குவது என்ன நியாயம்? அவனுக்கு ஒரு பழைய சட்டை வாங்கிக் கொடுத்திருக்கலாம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று நினைப்பதே தவறு. என் மகன் வகுப்பில் சட்டைக்குப் பதிலாக ஒரு நீளமான வெள்ளைத் துணியை விரித்து எல்லோரும் அதில் எழுதினார்கள். இப்படி நாலு வழி இருக்கிறது, யோசித்தால் வரும். பெற்றோர்களே, பிள்ளைகளின் பழைய சட்டை இருந்தால் கடைசி நாளுக்கென்று ஒன்றை எடுத்து வையுங்கள். பட்டன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

என் கதை பெரிதாக ஒன்றுமில்லை. படிப்பில் கடைசி வகுப்பு நாங்கள். பிரியாவிடை நிகழ்ச்சியில் நாற்காலி போதவில்லை, எங்களை நிற்க வைத்தார்கள். அவ்வளவுதான்.


முகக்கவச பேட்ச்

சட்டையில் எழுதவாவது உங்களுக்கு ஒரு நாள் கிடைத்ததே. நாங்கள் 2020 பேட்ச். மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. எங்கள் எஸ்.பி.எம். தள்ளிப்போய் 2021 பிப்ரவரியில்தான் தொடங்கியது. எனக்குக் கடைசித் தாள் தமிழ் இலக்கியம், எங்கள் பள்ளியில் அதை எழுதியவர்கள் ஏழு பேர். எங்களுக்கு வந்த தமிழ் ஆசிரியை 2020 ஜனவரியில்தான் புதிதாகச் சேர்ந்தவர். பிறகு எல்லாம் கைப்பேசித் திரையில். எங்களில் பாதிப்பேர் டேட்டா தீர்ந்துவிடும் என்று கேமராவை மூடி வைத்திருப்போம். இரவு பத்து மணிக்குச் செய்யுள் விளக்கத்தைக் குரல் பதிவாக அனுப்புவார். பின்னணியில் அவருடைய குழந்தை அழும். அந்தப் பதிவுகளைக் கேட்டுத்தான் நான் தேறினேன்.

முடிவு வந்த பிறகு ஒரு மாலை, பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைக்கு முன்னால் அவரைப் பார்த்தேன். ஓடிப்போய், "டீச்சர், இலக்கியத்தில் ஏ பிளஸ்!" என்றேன். அவர் கண்கள் சுருங்கின. "ரொம்ப மகிழ்ச்சி அம்மா" என்றார். ஒரு நிமிடம் கழித்து, மெதுவாக, "நீங்கள் எந்தப் பள்ளி?" என்று கேட்டார்.

பெயரைச் சொல்லியிருக்கலாம். பெயரைச் சொன்னால் அவருக்குத் தெரிந்திருக்கும். நான் பள்ளியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.


கடைசி வரிசை

தங்கை, 2020 ஜூன் 24 அன்று ஐந்தாம் படிவத்தாருக்குத்தான் முதலில் பள்ளி திறந்தார்கள். ஒரு வருடம் முழுக்கப் பார்க்கவே இல்லை என்பது போல் எழுதுகிறீர்களே?


முகக்கவச பேட்ச்

திறந்தார்கள் அண்ணா. எங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு பள்ளி நேரத்துக்குப் பிறகு நடப்பது. அதைத் திறக்கவில்லை. இடைநிலைப்பள்ளியில் தமிழ் எடுத்தவர்களுக்கு இது புரியும்.


பாலத்துக்கு முன்பு

புரிகிறது அம்மா. எங்களுக்குச் சனிக்கிழமை காலையில் நடந்தது. அதற்கும் தனியாகப் படகுக்குக் காசு.

மினிபஸ் பயணி, நீங்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். தோளிலிருந்து தோள்வரை அவன் என்ன எழுதினான்?


டோபிக் கடைக்காரர்

நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன். கறுப்பு மையா, நீல மையா என்றும் சொல்லவில்லை. கறுப்பு போக நேரமாகும்.


மினிபஸ் பயணி

கறுப்பு, ஐயா.

என் பட்டப்பெயரைத்தான் எழுதியிருந்தான். அதை இங்கே எழுத முடியாது, என் பிள்ளைகள் இதைப் படிப்பார்கள். அம்மா அவ்வளவு தேய்த்தும் வெயிலில் நின்றால் அது தெரியும். அடுத்த ஆண்டு முழுக்கக் காலை அணிவகுப்பில் தம்பிக்குப் பின்னால் நின்றவர்கள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார்கள். இன்றைக்கும் அவனுடைய கூட்டாளிகள் அவனை அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.