பாட்டும் நாடகமும் படிக்க, கட்டுப்படியாகும் கல்லூரி சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் உசிலம்பட்டிப் பக்கம். தங்கை மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், படித்தால் பாட்டும் நடிப்பும்தான் என்று உறுதியாக நிற்கிறாள். திருவிழாவில் ஸ்பெஷல் நாடகம் என்றால் விடிய விடிய ஹார்மோனியக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், கதாநாயகனாக வரும் ராஜபார்ட் உச்சத்தில் எடுத்த விருத்தத்தை மறுநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே அப்படியே பாடுவாள், அந்தக் குரலைக் கேட்டபிறகு வேறு படிப்பில் தள்ள எனக்கு மனசு வரவில்லை.

வாய்ப்பாட்டுக்கு மதுரை அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, கட்டணமும் குறைவு, பஸ்ஸிலேயே போய்வரலாம். சரி, நாடகத்துக்கு? 1918இல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள், சிறுவர் நடிக்கும் பால சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ஊர் நம் மதுரை, ஆனால் அவர் பெயரில் நிகழ்கலைப் பள்ளி தொடங்கியது புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில். அங்கே நாடகத்தில் முதுகலை சேர முதலில் ஒரு டிகிரி வேண்டும்.

மதுரையில் பாட்டு படித்துவிட்டு அப்புறம் புதுச்சேரி போகலாமா, இசைப் படிப்பை அங்கே டிகிரியாக ஏற்றுக்கொள்வார்களா? முறையாகச் சங்கீதம் கற்காத பிள்ளையை இசைக் கல்லூரியில் எடுப்பார்களா, குரல் தேர்வில் என்ன பாடச் சொல்வார்கள்? அவள் அப்பாவுக்குப் பூ வியாபாரம், ஹாஸ்டலுக்கு மாதம் ஐயாயிரத்துக்கு மேல் தாங்காது. அங்கே படித்த அண்ணன்மார், அக்காமார் யாராவது விவரம் சொல்லுங்கள்.