மறு: ‘ஷேர்டு மவுண்ட்’டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு வட்டையோ அடைவையோ (கோப்புறையை) அடைவு மரத்தில் இணைப்பதை ‘மவுண்ட்’ என்கிறோம். அதன் வகைகளான ஷேர்டு, ஸ்லேவ், பிரைவேட் ஆகியவற்றுக்கு முறையே ‘பகிர்வு ஏற்றம்’, ‘அடிமை ஏற்றம்’, ‘தனியார் ஏற்றம்’ என்று மூன்று சொற்கள் முந்தைய மடல்களில் வந்திருந்தன. மூன்றையும் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

‘ஏற்றம்’ முதலில். ஏற்கெனவே இந்தச் சொல்லின் மேல் சுமை அதிகம். பதிவேற்றம் இருக்கிறது, நினைவகத்தில் ஏற்றுவது இருக்கிறது. எதிர்ச்சொல்லுக்குப் போனால் இன்னும் சிக்கல்: ‘வட்டை இறக்கிவிட்டேன்’ என்றால் பதிவிறக்கம் என்றுதான் படிப்பவர் நினைப்பார். மவுண்ட் என்பது எதையும் ஏற்றுவதில்லை. ஒரு கோப்பு முறைமையின் வேரைக் கொண்டுவந்து, அடைவு மரத்தின் ஒரு கிளை நுனியில் மாட்டுகிறது, அவ்வளவுதான். தமிழில் இதற்குப் பொருத்து, கழற்று என்று நல்ல இணை ஒன்று கையிலேயே இருக்கிறது.

> ‘பொருத்தம்’ என்றால் இயைபு என்று ஆகிவிடாதா?

ஆகும். அதனால் பெயர்ச்சொல்லையும் ‘பொருத்து’ என்றே வைத்துக்கொள்ளலாம். எலும்புகள் சேரும் இடத்தைப் பொருத்து என்று சொல்வதுண்டு, ஆக இது புதிதாகச் செய்த பெயரும் அல்ல. பொருத்தில், பொருத்துகள், பொருத்துமிடம் என்று தடையில்லாமல் வளைகிறது. ஒரே குறை, ‘அதைப் பொறுத்து’ என்பதோடு காதில் மோதும். எழுத்தில் ரு, று வேறுபாடு காப்பாற்றும் என்று நம்புகிறேன்.

‘தனியார்’ வேண்டாம். அது ஆளையோ நிறுவனத்தையோ குறிக்கும் சொல். ‘தனிப்பொருத்து’ போதும்.

சரி, உண்மையான சிக்கல் ‘பகிர்வு’தான். இந்தச் சொல்லைப் பார்த்ததும் கோப்புகள் பகிரப்படுகின்றன என்றே எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் ஓர் அடைவை இன்னோரிடத்திலும் தெரியும்படி பிணைத்துவிட்டாலே (‘பைண்ட்’) கோப்புகள் இரண்டு பக்கமும் தெரியும்; அந்தப் பொருத்து ஷேர்டாக இருந்தாலும் பிரைவேட்டாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. ஷேர்டு என்ற சொல் பேசுவது பின்னால் நடக்கப்போவதைப் பற்றி. அந்தப் பொருத்துக்கு அடியில் நாளை யாராவது எதையாவது பொருத்தினாலோ கழற்றினாலோ, அந்த நிகழ்வு மற்ற இடங்களுக்கும் போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி.

இது எப்படி வந்தது என்று பார்த்தால் சொல்லும் தெளிவாகும். லினக்ஸ் 2.4.19இல், 2002இல், பொருத்துகளுக்கான பெயர்வெளி (நேம்ஸ்பேஸ்) வந்தது. ஒரு செயல்முறைக்கு மொத்தப் பொருத்து மரத்தையும் நகலெடுத்துக் கொடுத்துவிடலாம், அதன்பின் இரண்டும் தனித்தனி. பிரிப்பது நன்றாகவே நடந்தது, கொஞ்சம் அதிகமாகவே நடந்தது. ஒரு வட்டைச் செருகி முதல் பெயர்வெளியில் பொருத்தினால் மற்றவற்றில் அது தெரியாது. ஒவ்வொன்றுக்குள்ளும் போய்த் தனியாகப் பொருத்த வேண்டும். இதைத் தீர்க்கத்தான் 2006 ஜனவரியில் வெளியான 2.6.15இல் பரவல் வகைகள் சேர்க்கப்பட்டன. எனவே ‘புரொபகேஷன்’ என்பதற்குப் ‘பரவல்’ என்ற சொல்லை நான் முழுமனதோடு ஏற்கிறேன். பரவுவது நிகழ்வு என்பதை மட்டும் வரையறையிலேயே எழுதிவிட வேண்டும்.

இதில் நானே ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். ஓர் அடைவுக்குள் இன்னொரு லினக்ஸை வைத்து அதற்குள் சீரூட் செய்வதற்காக, அதாவது அந்த அடைவையே வேராகக் கொண்டு வேலை செய்வதற்காக, ஓடிக்கொண்டிருந்த கணினியின் சாதனக் கோப்புகள் உள்ள டெவ் அடைவை உட்பொருத்துகளோடு சேர்த்து அங்கே பிணைத்தேன். வேலை முடிந்ததும் அந்தக் கிளை முழுவதையும் ஒரே கட்டளையில் கழற்றினேன். அதற்குப் பிறகு புதிய டெர்மினல் எதுவும் திறக்கவில்லை. நகலில் இருந்த, டெர்மினல்களுக்குத் தேவையான பிடிஎஸ் என்ற உட்பொருத்து கழன்றபோது, மூல டெவ்வில் இருந்த பிடிஎஸ்ஸும் கூடவே கழன்றுவிட்டிருந்தது! லினக்ஸின் கருவான கெர்னலைத் தன்போக்கில் விட்டால் பொருத்துகள் தனியாகத்தான் இருக்கும். ஆனால் கணினியின் சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி, தான் தொடங்கும்போதே வேரிலிருந்து எல்லாவற்றையும் ஷேர்டாக மாற்றிவிடுகிறது. ஆகவே நான் பிணைத்த டெவ், மூல டெவ் இருந்த, நிகழ்வுகளைத் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் அதே குழுவில் தானாகவே உறுப்பினராகிவிட்டது. ‘பகிர்வு’ என்று மனத்தில் பதிந்திருந்ததால், கழற்றுவதும் பரவும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பகிர்ந்ததைத் திரும்ப எடுத்தால் என் பங்கு மட்டும்தானே போக வேண்டும்?

அதனால் முதலில் நான் யோசித்தது திசையை வைத்துப் பெயரிடலாம் என்று. ஷேர்டுக்கு ‘இருவழிப் பொருத்து’, நிகழ்வுகளை வாங்க மட்டும் செய்யும் ஸ்லேவுக்கு ‘ஒருவழிப் பொருத்து’. கேட்க அழகாக இருந்தது. அப்புறம் பொருத்துகளைக் கெர்னல் பட்டியலிடும் மவுண்ட்இன்ஃபோ கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒரே வரியில் ‘ஷேர்டு:5’, ‘மாஸ்டர்:2’ என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அந்தப் பொருத்து இரண்டாம் குழுவிலிருந்து நிகழ்வுகளை வாங்கிக்கொள்ளும், திருப்பி அனுப்பாது; தன் ஐந்தாம் குழுவோடு மட்டும் இரண்டு பக்கமும் பரிமாறிக்கொள்ளும். கெர்னலில் இது முறையான நிலை. ஒரே பொருத்தை இருவழி என்றும் ஒருவழி என்றும் எப்படிச் சொல்வது? திசைப் பெயர் அங்கேயே உடைந்துபோனது.

உறவை வைத்துச் சொன்னால் உடையவில்லை. வங்கியில் கூட்டுக்கணக்கு, தனிக்கணக்கு என்கிறோம். கூட்டுக்கணக்கில் யார் போட்டாலும் யார் எடுத்தாலும் இருவருக்கும் அது நடந்ததுதான். ஷேர்டும் அப்படியே: ‘கூட்டுப்பொருத்து’. பியர் குரூப் என்பது ‘கூட்டுக்குழு’. ஒரு கூட்டுப்பொருத்து இன்னொரு குழுவிடமிருந்து பெறவும் செய்யலாம், இரண்டுக்கும் முரண் இல்லை.

ஸ்லேவுக்கு ‘அடிமை’ வேண்டவே வேண்டாம். மனிதரை மனிதர் உடைமையாக வைத்திருந்த கொடுமையின் பெயரை ஒரு வட்டுக்குச் சூட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. புதிதாக எழுதும் நிரலில் ‘மாஸ்டர், ஸ்லேவ்’ என்ற இணையைத் தவிர்க்கும்படி 2020இல் கெர்னலின் நிரல் நடைவழிகாட்டியே சொல்லிவிட்டது. கட்டளைப் பெயர்கள் மட்டும் பழைய நிரல்களுக்காக அப்படியே இருக்கின்றன. பொருளும் அதற்குப் பொருந்தாது. அந்தப் பொருத்து யாருக்கும் பணிந்து நடப்பதில்லை. மேலிருந்து வருவதைப் பெறுகிறது, தன் கீழே தான் விரும்பியதைத் தனியாகவும் பொருத்திக்கொள்கிறது. ‘பெறுபொருத்து’ என்பேன். மாஸ்டருக்கு ‘வழங்குகுழு’.

அன்பைண்டபிள் மட்டும் மீதம். வேரையே அதன் கீழுள்ள ஓர் அடைவில் உட்பொருத்துகளோடு மறுபடி மறுபடி பிணைத்தால் பொருத்துகள் பெருகிக்கொண்டே போகும். அதைத் தடுக்கவே இந்த வகை. தனிப்பொருத்துதான், பிணைக்க மட்டும் விடாது. ‘பிணையாப் பொருத்து’ என்று எழுதிப் பார்த்தேன், பிணைய முடியாததா பிணைக்கக் கூடாததா என்று தெரியவில்லை. ‘பிணைப்புத்தடை’ என்று பொருத்தின் ஒரு பண்பாக வைத்தால் நேராக இருக்கிறது.

கையேட்டுக்காக ஒரு பத்தியில் இவற்றைப் பயன்படுத்திப் பார்த்தேன். உரக்கப் படித்து எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்:

“புதிய பெயர்வெளியில் உள்ள டெவ், மூல டெவ்வின் கூட்டுக்குழுவில் இருந்தால், ஒன்றின் கீழ் கழற்றுவது மற்றதிலும் கழலும். இதைத் தவிர்க்க, கழற்றும் முன் அதையும் அதன் உட்பொருத்துகளையும் பெறுபொருத்துகளாக மாற்றவும். மூலத்தில் புதிதாகப் பொருத்துபவை இங்கே தொடர்ந்து தெரியும். இங்கே கழற்றுபவை மூலத்தைத் தொடாது.”