தோப்புக் கோடியில் தொட்டி, 600 மீட்டர் தள்ளி வீடு: குறைந்த செலவில் எந்த வயர்லெஸ் மாட்யூல்?

கேள்வி:

வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. வீடு ஒரு கோடி, தண்ணீர்த் தொட்டி மறு கோடி, நடுவில் 600 மீட்டர் வரும். தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க அப்பா ராத்திரியில் டார்ச் எடுத்துக்கொண்டு நடக்கிறார். பாம்பு நடமாட்டம் உள்ள இடம், அவருக்கு முழங்கால் வலி வேறு, எனக்கு அதை நிறுத்தியாக வேண்டும். தொட்டிப் பக்கம் கரண்ட் இல்லாததால் 18650 செல் (திரும்பச் சார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரி) ஒன்றும் சின்ன சோலார் பேனலும் வைத்திருக்கிறேன். கையில் இருப்பது நோட்எம்சியு இஎஸ்பி8266 வைஃபை போர்டு இரண்டு, என்ஆர்எஃப்24எல்01 ரேடியோ மாட்யூல் இரண்டு. இஎஸ்பியை செல்லில் இணைத்தால் வைஃபை பிடிக்கப்போகும் நேரத்தில் ரீசெட் ஆகி ரீசெட் ஆகி நிற்கிறது. போர்டு கெட்டுவிட்டதா? இல்லை, வேறு மாட்யூல் வாங்க வேண்டுமா? இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 1500 ரூபாய்க்குள் முடிந்தால் நல்லது.

மறுமொழி 1:

போர்டு கெடவில்லை, மின்சாரம்தான் போதவில்லை. நோட்எம்சியுவில் வோல்ட்டைக் குறைத்து நிலையாகக் கொடுக்கும் 1117 ரெகுலேட்டருக்கு 3.3 வோல்ட் கொடுக்க உள்ளே ஏறக்குறைய ஒரு வோல்ட் கூடுதலாக வந்தாக வேண்டும், உங்கள் செல்லோ முழு சார்ஜிலேயே 4.2தான். இஎஸ்பி8266 அனுப்பும் நொடியில் 300 மில்லியாம்பியர் வரை இழுக்கும், அந்த இடத்தில் வோல்ட் சரிந்து ரீசெட் ஆகிறது.

அதைச் சரிசெய்தாலும் இந்த போர்டை அங்கே வைக்காதீர்கள். சிப் ஆழ்ந்த உறக்கத்தில் 20 மைக்ரோஆம்பியர்தான் எடுக்கும், ஆனால் அந்த ரெகுலேட்டர் சும்மா இருக்கும்போதே 5 மில்லியாம்பியர் தின்னும். ஒரு நாளைக்கு 120 மில்லியாம்பியர்-மணி. மழைக்காலத்தில் வெயில் இல்லாமல் போனால் 2500 மில்லியாம்பியர்-மணி செல் மூன்று வாரம் தாங்காது. மாட்யூல் விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் மாட்டுகிறார்கள். முதலில் தூரத்தையும் உறக்க மின்னோட்டத்தையும் பாருங்கள், விலையை அப்புறம் பார்க்கலாம்.

என்ஆர்எஃப் உறக்கத்தில் ஒரு மைக்ரோஆம்பியர்கூட எடுக்காது, ரொம்பக் கெட்டிக்காரச் சிப். ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ், ஈர மட்டைகளுக்கு நடுவில் 600 மீட்டர் போகாது. உங்களுக்கு லோராதான், குறைந்த மின்சாரத்தில் சின்னச் செய்தியை வெகுதூரம் அனுப்பும் ரேடியோ.

மறுமொழி 2:

லோராவுக்கு முன்னால் இஎஸ்பி-நவ் (இரண்டு இஎஸ்பி போர்டுகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் முறை) ஒரு தடவை முயன்று பார்க்கலாமே? ரவுட்டரே வேண்டாம், ஒரு பொட்டலத்தில் 250 பைட் போகும், உங்களுக்குத் தேவை நாலு பைட். செலவும் இல்லை, போர்டு கையிலேயே இருக்கிறது. என் வயல் வெட்டவெளி, அங்கே 200 மீட்டர் வரை நன்றாகப் போனது. தோப்பில் சோதித்ததில்லை.

மறுமொழி 3:

வெட்டவெளி வேறு, தோப்பு வேறு. நடுவில் ஒரு இஎஸ்பி வைத்துத் தாவவிடலாம்தான், ஆனால் அதற்கும் ஒரு செல், ஒரு பேனல், ஒரு டப்பா, கெட்டுப்போக இன்னொரு இடம். முதல் மறுமொழி சொன்னதே சரி.

லோரா வாங்கும்போது சிப் எண்ணைப் படித்து வாங்குங்கள். எஸ்எக்ஸ்1278 மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது 525 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005-இல் திறந்துவிட்டது 865–867, 2021-இல் அதை 868 வரை நீட்டினார்கள், அதற்கு எஸ்எக்ஸ்1276 வேண்டும். நான் 868 என்று லேபிள் ஒட்டி விற்றதை நம்பி இரண்டு வாங்கினேன், உலோக மூடியைக் கிளப்பிப் பார்த்தால் உள்ளே 1278. மூன்று ஞாயிற்றுக்கிழமை கோடில் தப்பு தேடினேன்.

இணையத்தில் கிடைக்கும் மாதிரி கோடில் பெரும்பாலும் 915 என்று இருக்கும், அது அமெரிக்காவுக்கு. 866 ஆக்குங்கள். ஆன்டெனாவுக்கு 8.6 சென்டிமீட்டர் ஒற்றைக் கம்பி போதும், நேராக நிற்கட்டும், தொட்டி மேல் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது. ஆன்டெனா இல்லாமல் ஒரு தடவைகூட அனுப்பிப் பார்க்காதீர்கள், சிப் போய்விடலாம். பரவல் காரணியை (ஸ்ப்ரெடிங் ஃபேக்டர், கூட்டினால் தூரம் கூடும், வேகம் குறையும்) எடுத்தவுடனே 12-க்கு ஏற்ற வேண்டாம், ஒவ்வொரு செய்தியும் ஏறக்குறைய ஒரு நொடி காற்றில் இருக்கும், அவ்வளவும் பேட்டரி. 9-இல் ஆரம்பியுங்கள்.

தொட்டிப் பக்கம் 3.3 வோல்ட் ஆர்டுயினோ ப்ரோ மினி போர்டு போடுங்கள், அதில் எரியும் சின்ன எல்இடியையும் ரெகுலேட்டரையும் பிடுங்கிவிட்டு எம்சிபி1700 வையுங்கள், அது தனக்கென்று எடுப்பது 1.6 மைக்ரோஆம்பியர். வீட்டுப் பக்கம் கரண்ட் இருப்பதால் உங்கள் நோட்எம்சியுவே போதும், அதில் ஒரு லோரா மாட்யூலை இணைத்துவிடுங்கள்.

இன்னொன்று. நிரம்பியதா இல்லையா என்பதுதானே அப்பாவுக்கு வேண்டும்? தண்ணீர் புகாத அல்ட்ராசோனிக் சென்சார் கிட்டத்தில், சுமார் 20 சென்டிமீட்டருக்குள் இருக்கும் தண்ணீரைப் பார்க்காது, தொட்டி நிரம்பும் நேரத்தில்தான் அது கைவிடும். தண்ணீரோடு மிதந்து ஏறும் ஒரு ஃப்ளோட் சுவிட்ச் போடுங்கள்.

கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. 1117-ஐத் தாண்டி நேராக 3.3 வோல்ட் கொடுத்துப் பார்த்தேன், ரீசெட் நின்றுவிட்டது, முதல் மறுமொழியில் அண்ணா சொன்னது அப்படியே சரி. இஎஸ்பி-நவ்வையும் விடவில்லை, நேற்று சாயங்காலம் அப்பா வீட்டில் எல்இடியைப் பார்த்துக்கொண்டு போனில் இருக்க, நான் போர்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஆறாவது வரிசை மரம் வரை மின்னியது, அதற்கப்புறம் இல்லை. எஸ்எக்ஸ்1276 இரண்டும் எம்சிபி1700-உம் ஆர்டர் போட்டாச்சு. ஃப்ளோட் சுவிட்ச் ஊரிலேயே மோட்டார் கடையில் கிடைத்தது. ஒரு சந்தேகம்: தொட்டி மேல் வைக்கும் டப்பாவுக்குள் வியர்த்து நீர் கோக்காமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?